நாய்க்கு காம்பு பக்கத்துல கட்டி, கேன்சரா இருக்குமா?

கேள்வி: எங்க லேப்ரடார் பொண்ணுக்கு 9 வயசு, கருத்தடை பண்ணல. கடைசி காம்பு பக்கத்துல சுண்டக்கா மாதிரி இருந்த கட்டி ரெண்டு மாசத்துல நெல்லிக்கா சைஸ் ஆயிடுச்சு, தொட்டா வலிக்கல, நல்லா சாப்பிடுது, பயமா இருக்கு, வெயிட் பண்ணலாமா?

பதில் 1: வேணாங்க. வலி இல்லன்னா ஆபத்து இல்லன்னு கிடையாது. கருத்தடை பண்ணாத பொட்ட நாய்ங்களுக்கு இது சகஜம், கிட்டத்தட்ட பாதி கேன்சராத்தான் இருக்கும். ஊசி குத்தி செல் டெஸ்ட் எடுப்பாங்க, நுரையீரலுக்குப் பரவியிருக்கான்னு நெஞ்சு எக்ஸ்ரேயும் கட்டாயம். சென்னைன்னா வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி போங்க.

பதில் 2: எங்க ஜூலிக்கு கட்டி 3 செமீ ஆகுறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிட்டோம், எடுத்த கட்டிய பயாப்ஸிக்கு (கேன்சரான்னு பாக்குற திசு டெஸ்ட்) அனுப்பச் சொல்லுங்க, தையல நக்காம இருக்க கோன் மாட்டுனோம், அதோடவே வந்து என் மடியில மூஞ்சிய திணிப்பா. மத்த காம்பையும் இன்னைக்கே தடவிப் பாத்துடுங்க.