சோலார் வந்த பிறகும் கேஸ் மின் நிலையம் எதற்கு? (சுங்கை சிப்புட் வட்டாரப் பேச்சு)

கடைத்தெருக்காரன்:
நேற்று இரவு கோப்பிக்கடையில் தொடங்கிய சண்டை முடியவில்லை, இங்கே கொட்டுகிறேன். 2050-க்குள் மலேசியாவின் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் இலக்கு. நல்லது, சந்தோஷம். அப்புறம் எதற்கு எல்லாரும் கரண்டு அதிகம் எடுக்கும் உச்ச நேரத்துக்கென்று கேஸ் மின் நிலையம், அதற்கும் கேஸ் வராவிட்டால் டீசல்? சொந்தக் காடி வாங்கின பிறகும் டாக்சிக்காரருக்கு மாதச் சம்பளமா?

பழைய சார்ஜ்மேன்:
தம்பி, செம்பனை எண்ணெய் ஆலையில் 22 வருடம் கரண்டு பார்த்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை ஆலை மூடியிருக்கும். திங்கள் விடியற்காலை போனால் பாயிலர் ஆறிப்போய்க் கிடக்கும். ஆவி இல்லாமல் டர்பைன் சுற்றாது, அதனால் முதலில் டீசல் ஜெனரேட்டரைக் கிளப்புவோம். பழத்தின் நாரும் கொட்டை ஓடும் எரிந்து ஆவி ஏறின பிறகு டர்பைனை அதோடு சேர்க்க வேண்டும். இரண்டின் கரண்டும் ஒத்துப்போகிறதா என்று காட்ட சுவிட்ச்போர்டில் ஒரு முள் சுற்றிக்கொண்டே இருக்கும். அது மெல்ல நகர்ந்து பன்னிரண்டு மணி இடத்துக்கு வரும்போது பிரேக்கரைப் போட வேண்டும். தப்பினால் ஆலையே அதிரும். சேர்ந்துவிட்டால் டீசலை அணைத்துவிடலாம். மழைக்காலத்தில் நார் ஈரமாக வந்தால் அழுத்தம் இறங்கி விளக்கு மங்கும். மறுபடி டீசலிடம் ஓடுவோம். மாதத்தில் சில மணி நேரம்தான் அதற்கு வேலை, ஆனாலும் அதை விற்றுவிடலாம் என்று எந்த மேனேஜரும் சொன்னதில்லை.

நாட்டுக்கும் இதே கதைதான். மாலை ஏழரைக்குள் சூரியன் போய்விடும், வீட்டுக்கு வந்து நாம் ஏர்கோன் போடுவதும் அப்போதுதான். மஞ்சோங்கில் இருக்கும் மாதிரி நிலக்கரி நிலையம் ஒருமுறை ஆறிவிட்டால் திரும்பக் கிளம்ப மணிக்கணக்கு ஆகும். கேஸ் டர்பைன் மட்டும் தனியாக ஓடும் நிலையம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தயார்.

செம்பனைப்பூ:
பாலிடெக்னிக்கில் மின்துறை படிக்கிறேன் அங்கிள். முள் கதை பிரமாதம். ஆனால் அந்த அவசர டர்பைன் கேஸின் சக்தியில் பாதிக்கு மேல் சூடாக வெளியே விட்டுவிடும். அந்தச் சூட்டில் ஆவி எடுத்து இன்னொரு டர்பைனையும் ஓட்டும் பெரிய நிலையம் எவ்வளவோ சிக்கனம். அதைவிட பேட்டரி போடலாமே? தெற்கு ஆஸ்திரேலியாவில் 2016 செப்டம்பர் 28-ஆம் தேதி புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்து மாநிலமே இருண்டது. அடுத்த வருடக் கடைசியில் ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி ஓட ஆரம்பித்துவிட்டது. கண்ணிமைப்பதற்குள் கரண்டு தரும், பத்து நிமிடமெல்லாம் வேண்டாம்.

பழைய சார்ஜ்மேன்:
கதையைப் பாதியில் விட்டுவிட்டாயே அம்மா. அதே 2017-இல் அதே மாநில அரசாங்கம் டீசலில் ஓடும் ஒன்பது டர்பைன்களையும் கொண்டுவந்து வைத்தது, சுமார் 276 மெகாவாட். காரணம் இருக்கிறது. அந்த பேட்டரியில் அப்போது அடங்கியது 129 மெகாவாட்-மணி. முழுவீச்சில் எடுத்தால் ஒரு மணி நேரம் சொச்சம். மூன்று நாள் வானம் மூடிக்கொண்டால் அது எந்த மூலைக்கு?

செம்பனைப்பூ:
மூன்று நாள் மழை பெய்தால் அணை நிறையுமே! 1930-இலிருந்து ஓடும் செண்டெரோ நீர்மின் நிலையம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது, அதற்கு மேலே தெமெங்கோர் அணை. பகலில் சோலார் ஓடும்போது தண்ணீரைப் பிடித்து வைத்து, இரவில் விடலாம். அதற்கு எண்ணெயும் வேண்டாம், கேஸும் வேண்டாம்.

பழைய சார்ஜ்மேன்:
இதை ஒத்துக்கொள்கிறேன். தண்ணீர் இருக்கும்வரை அதைவிட நல்ல அவசரக் கரண்டு கிடையாது. வறட்சி வந்தால் என்ன செய்வது என்பதுதான் மிச்சம்.

கடைத்தெருக்காரன்:
இரண்டு பேரும் மெஷினையே பேசுகிறீர்கள், நான் கேட்டது காசை. 1992 செப்டம்பரில் தீபகற்பம் முழுக்க இருட்டானதே, அதன் பிறகுதான் தனியார் மின் நிலையங்கள் வந்தன. ஒப்பந்தம் எப்படி? கரண்டை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையம் தயாராக நிற்பதற்குக் கட்டணம். வருடத்தில் சில நூறு மணி நேரம் ஓடப்போகும் நிலையத்துக்கும் அப்படித்தானே கொடுக்கப் போகிறோம்?

பழைய சார்ஜ்மேன்:
தயாராக நிற்பதும் வேலைதான் தம்பி, தீயணைப்பு வண்டி மாதிரி. கட்டணம் அதிகம் என்றால் அதைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். புதிதாகக் கட்டுவதற்குப் பதில், மூடப்போகும் பழைய கேஸ் நிலையத்தில் நல்ல நிலையில் இருப்பதை வைத்துக்கொள்ளலாம் என்றும் கேட்கலாம்.

கடைத்தெருக்காரன்:
அண்ணே, என் கடைக்குப் பின்னாலும் ஒரு ஜெனரேட்டர் நிற்கிறது. போன தீபாவளிக்கு முதல்நாள் கரண்டு போனபோது ஐஸ் பெட்டியில் இருந்த ஆட்டிறைச்சியை அதுதான் காப்பாற்றியது. வருடத்தில் இரண்டு நாள் ஓடும். அதற்காக யாரிடமும் நான் மாத வாடகை வாங்கியதில்லை.

பழைய சார்ஜ்மேன்:
வாடகை வாங்கவில்லை, கிலோ விலையில் சேர்த்துவிட்டீர்கள். அன்றைக்கு மூன்று கிலோ வாங்கினவன் நான்.