42 அடிப் பாய்ப்படகுக்கு ஏற்ற ஏரிக்கரை வீடு: பொல்கொடையில் தரகர் சொல்வது நடக்குமா?

நிசாந், வெள்ளவத்தை:
வணக்கம். எனக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால்தான் இங்கே கேட்கிறேன். மாமா ஒருவர் கனகாலமாக இங்கிலாந்தில், சவுத்தாம்ப்டன் பக்கம் இருக்கிறார். வேலையில் ஓய்வு பெற்று அடுத்த வருடம் கொழும்போடு வந்து இருக்கப் போகிறாராம். கூடவே தன் பாய்ப்படகையும் கொண்டுவரப் போகிறார். வீடு பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. காசைப் பற்றி அவர் பேசவே இல்லை. "காலையில் தேத்தண்ணியோடு விறாந்தையில் இருந்தால் படகு கண்ணில் பட வேணும்" என்பதுதான் ஒரே நிபந்தனை.

அவர் அனுப்பிய படகு விவரம்: நீளம் 42 அடி. அடிப்பகுதி தண்ணீருக்குள் 2 மீட்டர் இறங்கும். பாய்மரத்தின் உச்சி நீர்மட்டத்திலிருந்து 18 மீட்டர்.

கையில் மூன்று இடங்கள் இருக்கின்றன. பொல்கொட ஏரிக்கரையில், பிலியந்தலைப் பக்கமாக, 60 பேர்ச்சஸ் காணியில் பெரிய வீடு. சொந்தமாகப் படகுத்துறையும் உண்டு. நீர்கொழும்புக் களப்பு ஓரமாக இன்னொரு வீடு. மூன்றாவது, கொழும்புத் துறைமுக நகரத்தில் வரப்போகும் அடுக்குமாடி. எனக்குப் பொல்கொட வீடு பிடித்திருக்கிறது. தரகரும், "சேர், பாணந்துறையால் கடலுக்கு வழி இருக்கு, யாட் நேரே வீட்டுக்கே வரும்" என்கிறார். நம்பலாமா?

மொறட்டுவை மெக்கானிக்:
தம்பி, கடலுக்கு வழி இருக்கிறது என்பது உண்மைதான். பொல்கொட நீர் பாணந்துறையில்தான் கடலில் விழுகிறது. ஆனால் அந்த வழியில் என்ன இருக்கிறது என்பதைத் தரகர் சொல்லவில்லை.

கோட்டையிலிருந்து அளுத்கமைப் பக்கம் போகும் ரயிலில் ஏறுங்கள். எகொட உயன தாண்டிப் பாணந்துறை வருவதற்கு முன் ரயில் ஒரு பாலத்தைக் கடக்கும். யன்னலால் எட்டிக் கீழே பாருங்கள். மீன்பிடிப் படகுகள் போகலாம். 18 மீட்டர் என்றால் ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம். அது அந்தப் பாலத்துக்குக் கீழே எப்படிப் போகும்? அது போதாதென்று காலி வீதிப் பாலமும் அதே ஆற்றின் மேல்தான். இரண்டுமே திறந்து மூடுகிற பாலங்கள் இல்லை.

பாலங்களே இல்லையென்று வைத்தாலும் முகத்துவாரத்தில் மணல்திட்டு இருக்கிறது. காற்றுக் காலத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டும், மழை வெள்ளம் வந்து வெட்டிக்கொண்டு போகும். போன மாதம் ஆழமாக இருந்த இடம் இந்த மாதமும் அப்படியே இருக்கும் என்று ஒருவரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார்கள். 2 மீட்டர் இறங்கும் கீலோடு (படகின் அடியில் தண்ணீருக்குள் நீண்டு நிற்கும் பகுதி) அதற்குள் வருவது விளையாட்டல்ல.

நிசாந், வெள்ளவத்தை:
நன்றி அண்ணா. தரகரிடம் இதைக் கேட்டேன். "பாய்மரத்தைக் கழற்றிவிட்டுக் கொண்டுவரலாம்" என்கிறார். முடியுமா?

துபாய் மாலுமி:
கழற்றலாம், ஆனால் சும்மா கையால் கழற்றுகிற சாமான் இல்லை அது. 42 அடிப் படகின் பாய்மரத்தைக் கிரேன் வைத்துத்தான் தூக்க வேண்டும். கம்பிகளை அவிழ்த்து, உள்ளே ஓடும் வயர்களைப் பிரித்து, திரும்ப நிறுத்தும்போது எல்லாவற்றையும் இழுத்துச் சரிபார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை பேத்தியோடு கடலுக்குப் போய் வருவதற்கெல்லாம் செய்ய முடியாது. பாய்மரத்தைக் கழற்றினாலும் கீல் அதே 2 மீட்டர்தானே.

நான் கனகாலம் வளைகுடா மரீனாக்களில் (உல்லாசப் படகுகள் நிற்கும் துறைகள்) வேலை செய்தவன், பணக்காரர்கள் இப்படி வீடு வாங்கி மாட்டிக்கொள்வதை அங்கேயும் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் ஃபோர்ட் லாடர்டேல் பக்கம் வீட்டு விளம்பரங்களில் படுக்கையறை எத்தனை என்று சொல்வதோடு "கடலுக்குப் போகும் வழியில் நிலையான பாலம் இல்லை" என்றும் போடுவார்கள். அந்த ஒரு வரிக்கே விலை கூடும். புளோரிடா உள்நாட்டு நீர்வழியில் நிலையான பாலங்களுக்கு 65 அடி என்று பொதுவான உயரம் வைத்திருக்கிறார்கள், அப்படியிருந்தும் உயரமான பாய்மரக்காரர்கள் கணக்குப் பார்த்துத்தான் வீடு வாங்குவார்கள். இங்கே அப்படி ஒரு விதியே இல்லை, ஒவ்வொரு பாலமும் ஒவ்வொரு உயரம்.

ஆகவே வீட்டைப் பிறகு பாருங்கள். முதலில் கடலிலிருந்து வீடு வரையுள்ள தண்ணீர்ப் பாதையைப் பாருங்கள். வழியில் மிகத் தாழ்ந்த பாலம் எது, மிக ஆழம் குறைந்த இடம் எது, மிகக் குறுகிய திருப்பம் எங்கே? இந்த மூன்றில் ஒன்று தடுத்தாலும் மாபிள் போட்ட மாளிகையாலும் பிரயோசனம் இல்லை.

களப்புக்காரன்:
நான் நீர்கொழும்பு. எங்கள் களப்பு அழகானது, ஆனால் ஆழமில்லை. பெரும்பகுதியில் ஒரு மீட்டர்கூட வராது. நாங்கள் தடியூன்றி வள்ளம் தள்ளுகிற இடத்தில் மாமாவின் கீல் சேற்றில் புதைந்து நிற்கும். கடல்வாய் வடக்குப் பக்கம் இருக்கிறது, அங்கே மீன்பிடிப் படகுகள் நெருக்கியடித்துக் கிடக்கும். ஆழப்படுத்தலாமே என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். கண்டல் காடும் கடற்புல்லும் இறால் குஞ்சு வளர்கிற இடம் அது, தனி வீட்டுக்காகத் தோண்ட ஒருவரும் விடமாட்டார்கள். தட்டையான அடியுள்ள சின்னப் படகு வைத்திருப்பவருக்கு நல்ல வீடு. உங்கள் மாமாவுக்கு இல்லை.

சட்டத்தரணி அக்கா:
படகு விஷயம் ஆண்கள் பேசட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் ஒருவரும் காணி உறுதியைப் பற்றிக் கேட்கவில்லையே! தம்பி, மாமாவிடம் இப்போது என்ன கடவுச்சீட்டு இருக்கிறது? பிரித்தானியக் குடியுரிமை எடுத்தபோது இலங்கைக் குடியுரிமை போயிருந்தால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி அவர் பெயருக்குக் காணி எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை எடுத்துவிட்டால் அந்தத் தடை இல்லை. அடுக்குமாடியில் நான்காம் மாடியும் அதற்கு மேலும் என்றால் வெளிநாட்டவரும் வாங்கலாம். ஆக, உங்கள் பட்டியலில் முதல் இரண்டு வீடுகளுக்கும் முதல் வேலை இரட்டைக் குடியுரிமை விண்ணப்பம்தான்.

"மருமகன் பெயரில் எழுதுவோம், பிறகு பார்ப்போம்" என்று மாமா சொன்னால் ஓம் என்று தலையாட்டாதீர்கள். அப்படி எழுதிய காணிகளால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் என் மேசைக்கு வருகின்றன.

அடுத்தது கரை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தில் கரையோர வலயம் என்று ஒன்று உண்டு: சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீட்டர், சராசரி தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீட்டர். கடலோடு சேரும் ஆறு, களப்பு என்றால் முகத்துவாரத்திலிருந்து உள்ளே 2 கிலோமீட்டர் வரை அந்த வலயம் நீளும். அதற்குள் படகுத்துறை கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். உங்கள் பிலியந்தலை வீடு அதைவிட உள்ளே இருக்கலாம். ஆனால் பொல்கொடையைச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக 2009இல் வர்த்தமானியில் அறிவித்திருக்கிறார்கள், ஆகவே மத்திய சுற்றாடல் அதிகாரசபையைத் தவிர்க்க முடியாது. இருக்கிற படகுத்துறைக்கு அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வீட்டோடு சேர்த்து அந்தத் தலையிடியையும் வாங்குகிறீர்கள். சேர்வேயர் வரைபடத்தில் காணி எல்லை தண்ணீர் வரை போகிறதா, இல்லை ஏரி ஒதுக்கீட்டோடு (ஏரிக்கரையோரம் அரசு ஒதுக்கிவைத்த நிலம்) நின்றுவிடுகிறதா என்றும் பாருங்கள். விளம்பரத்தில் "லேக் ஃபிரண்ட்" என்று இருக்கும். உறுதியில் வடக்கு எல்லை "ஏரி ஒதுக்கீடு" என்று இருக்கும். இரண்டும் ஒன்றல்ல.

கொள்ளுப்பிட்டியான்:
துறைமுக நகரத்தையும் விட்டுவிடாதீர்கள். கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டெயரில் மரீனாவும் திட்டத்தில் இருக்கிறது. பாலம், மணல்திட்டு என்ற பிரச்சினை பெரிதாக வராது. ஆனால் திட்டப்படத்தில் நீலமாக வரைந்திருப்பதும் கட்டி முடித்த படகுத்தரிப்பும் வேறு வேறு. அடுக்குமாடி விற்பவரிடம் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: வீட்டோடு தரிப்பிடம் வருகிறதா, தனிக் குத்தகையா? 2 மீட்டர் கீலுக்குக் குறைந்த நீர்மட்டத்திலும் ஆழம் இருக்கிறதா? எங்கள் பக்கம் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அந்த வகையில் நல்ல காலம்.

நிசாந், வெள்ளவத்தை:
எல்லோருக்கும் நன்றி. மாமாவுக்கு இதையெல்லாம் வாட்ஸப்பில் அனுப்பினேன். முதலில் கோபப்பட்டார். பிறகு, "அப்ப படகை விற்கவா?" என்று ஒரு வரி. விற்க மாட்டார், எனக்குத் தெரியும். கட்டி முடியாத அடுக்குமாடிக்குக் காத்திருக்கவும் மாட்டார். வேறு வழி இல்லையா?

துபாய் மாலுமி:
படகை விற்க வேண்டாம், வீட்டையும் விடவேண்டாம். இரண்டும் ஒரே முகவரியில் இருக்க வேணும் என்ற ஆசையை மட்டும் விடச் சொல்லுங்கள்.

எப்படியும் மேற்குக் கரையில் வருடம் முழுவதும் பாய் விரிக்க முடியாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, கொழும்புக் கடல் முரட்டுத்தனமாக இருக்கும். அந்த மாதங்களில் கிழக்குக் கரை அமைதி. மார்கழியிலிருந்து சித்திரை வரை தெற்கும் மேற்கும் நல்லது. மிரிஸ்ஸ, திருகோணமலை என்று காலத்துக்குக் காலம் இடம் மாறுகிற படகுகள் இதனால்தான். பாய்ப்படகில் நாட்டுக்குள் வருபவர்கள் வழக்கமாகக் காலியிலோ திருகோணமலையிலோதான் பதிந்து நுழைவார்கள். திருகோணமலை இயற்கையாகவே ஆழமான துறைமுகம், மாமாவின் கீலுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. காலியில் அலைத் தளும்பல் உண்டு, கயிறுகளை நன்றாகப் போட்டு ஆள் வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தப் பிலியந்தலை வீட்டைத் திரும்பப் பாருங்கள். பக்கத்தில் கஹதுடுவை நுழைவாயில் இருக்கிறது. தெற்கு அதிவேகப் பாதையில் ஏறினால் காலி பின்னதுவைக்கு ஒரு மணித்தியாலம் சொச்சம். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் நத்தை மாதிரி ஊர்வதைவிட எவ்வளவோ மேல். பாய்ப்படகு காலியில் நிற்கட்டும், வீட்டுப் படகுத்துறையில் ஒரு சின்னப் படகை வைத்துக் காலைத் தேத்தண்ணியோடு பார்க்கட்டும். ஏரியில் சின்னப் பாய்ப்படகு ஓட்டலாம், பொல்கொடையில் யாட் கிளப்பே இருக்கிறது.

இன்னொன்று. வெளிநாட்டுக் கொடியோடு வந்த படகை இங்கேயே வைத்துக்கொள்வதென்றால், அது கிளம்புவதற்கு முன்னரே சுங்கத்தோடு பேசுங்கள். வந்த பிறகு பேசினால் பேரம் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

மொறட்டுவை மெக்கானிக்:
அண்ணை சொல்வது சரி. அந்தப் படகுத்துறையைப் பார்க்கப் போகும்போது ஒரு நூலில் ஈயக்குண்டு கட்டி, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கொண்டுபோங்கள். துறையின் நுனியில் மட்டும் போட்டுப் பார்த்தால் போதாது, அங்கிருந்து நடு ஏரி வரை வள்ளத்தில் போய் இடைக்கிடை இறக்கிப் பாருங்கள். ஏரி மட்டம் மழையோடு ஏறி இறங்கும், ஆகவே மாசி பங்குனி வெயிலில் பார்ப்பதுதான் கணக்கு. தூண்களிலும் படகு வீட்டுச் சுவரிலும் கறுத்த கோடு தெரியும், வெள்ளம் வந்து நின்ற அடையாளம். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் பக்கத்து வளவுச் சுவரைப் பாருங்கள், அது பொய் சொல்லாது. கோடு துறையின் பலகைக்கு மேலே இருந்தால் மிதக்கும் துறையாக மாற்றச் சொல்லுங்கள்.

துறையில் கரண்ட் இழுத்திருந்தால் அதற்குத் தனி டிரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று ஒரு நல்ல எலெக்ட்ரீசியனைக் கொண்டு பார்க்க வேண்டும். கடல் தண்ணீரைவிட உப்புக் குறைந்த ஏரித் தண்ணீரில் கசியும் கரண்ட் நீந்துகிறவர் உடம்பைக் கூடுதலாகத் தாக்கும். பிள்ளைகள் துறையிலிருந்து குதிப்பார்கள். ஏரியில் முதலையும் உண்டு என்பதால் குதிக்க விடாமல் இருப்பதே நல்லது, அது வேறு கதை.

படகின் அடியில் அரிப்பைத் தடுக்கக் கட்டும் உலோகக்கட்டி கடலுக்குத் துத்தநாகம், இந்த ஏரி போல உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த உவர்நீருக்கு அலுமினியம். மாமாவின் பழைய துத்தநாகக் கட்டிகளைச் சின்னப் படகுக்குப் போடவேண்டாம். ஆகாயத்தாமரை மிதந்து வந்தால் இஞ்சினின் தண்ணீர் வடிகட்டியையும் அடிக்கடி திறந்து பாருங்கள்.

நிசாந், வெள்ளவத்தை:
மாமா சம்மதித்துவிட்டார். இரட்டைக் குடியுரிமைப் படிவத்தை அவரே நிரப்புகிறாராம். பொல்கொட வீட்டுக்காரரிடம் படகுத்துறை அனுமதிக் கடிதம் கேட்டேன், "தேடித் தருகிறேன்" என்றார். தரகர் இப்போது என் போனை எடுப்பதில்லை.

சட்டத்தரணி அக்கா:
"தேடித் தருகிறேன்" என்றால் கடிதம் கைக்கு வரும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம். கடிதம் வந்ததும் அதிலுள்ள இலக்கத்தை மத்திய சுற்றாடல் அதிகாரசபையிலேயே நேரே போய்ச் சரிபாருங்கள்.