பி.ஆர்.ஐ. லைனில் 'டிக் டிக்' சத்தம், ஃபேக்ஸ் பாதியில் அறுகிறது. அலாரம் எதுவும் இல்லை

நெசவுத்தறி (கேள்வி):
வணக்கம். ஆலை அலுவலகத்துக்கு ஒரு இ1 பி.ஆர்.ஐ. லைன் (ஒரே இணைப்பில் பல அழைப்புகள் போகும் டிஜிட்டல் தொலைபேசி லைன்) உண்டு. ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருள் ஓடும் சர்வரில் இருக்கும் இரண்டு போர்ட் கார்டில், போர்ட் 1-க்கு அது வருகிறது. போர்ட் 2-லிருந்து பழைய பி.பி.எக்ஸுக்கு (அலுவலக உள் தொலைபேசி இணைப்பகம்) இன்னொரு இ1 போகிறது. எக்ஸ்டென்ஷன்களும் ஃபேக்ஸும் பி.பி.எக்ஸில்தான். வெளியே பேசினால் 'டிக்' சத்தம், பல பக்க ஃபேக்ஸ் நடுவில் அறுகிறது. சர்வரின் ஐ.பி. போனிலிருந்து பி.பி.எக்ஸ் எக்ஸ்டென்ஷனுக்குப் பேசினால் சுத்தம். இரண்டு போர்ட்டிலும் பச்சை விளக்குதான். கேபிள் மாற்றியாயிற்று, ஃபேக்ஸ் வேகத்தை 14400-லிருந்து 9600-க்குக் குறைத்தும் பார்த்தாயிற்று.

செம்புக்கம்பி:
இனி கேபிளைத் தொடாதீர்கள். கவுன்ட்டர்களைப் பூஜ்யமாக்கி ஒரு மணி நேரம் விட்டு, போர்ட் வாரியாக கோட் வயலேஷன், சி.ஆர்.சி. பிழை (இரண்டும் வழியில் பிட் கெடுவதைக் காட்டும்), ஸ்லிப் (க்ளாக் பொருந்தாததைக் காட்டும்) மூன்றையும் போடுங்கள். கார்டை அமைக்கும் சிஸ்டம் கான்ஃப் கோப்பின் இரண்டு ஸ்பான் வரிகளும் (போர்ட்டுக்கு ஒரு வரி) வேண்டும்.

நெசவுத்தறி:
போர்ட் 1: கோட் வயலேஷன் 0, சி.ஆர்.சி. 0, ஸ்லிப் 144. போர்ட் 2: எல்லாமே 0. ஸ்பான் 1-இன் இரண்டாவது எண் 0, ஸ்பான் 2-இன் இரண்டாவது எண் 1. மற்ற லைன் அமைப்புகள் இரண்டிலும் ஒன்றேதான்: சி.சி.எஸ்., எச்.டி.பி.3, சி.ஆர்.சி.4.

செம்புக்கம்பி:
அந்த இரண்டாவது எண்தான் கோளாறு. 0 என்றால் அந்த லைனிலிருந்து க்ளாக் (பிட்களை அனுப்பி வாசிக்கும் வேகத்துக்கான தாளம்) எடுக்காதே என்று பொருள். 1 என்றால் முதலில் அங்கிருந்து எடு. உங்கள் கார்டு வெளி லைனைத் தரும் எக்ஸ்சேஞ்சை விட்டுவிட்டு பி.பி.எக்ஸின் க்ளாக்கைப் பின்பற்றுகிறது. அதனால்தான் போர்ட் 2 சுத்தம், போர்ட் 1-இல் மட்டும் ஸ்லிப்.

இ1-இல் நொடிக்கு 8000 ஃபிரேம் (எல்லா டைம்ஸ்லாட்டும் ஒரு முறை அடங்கிய தொகுப்பு), ஒரு ஃபிரேம் 125 மைக்ரோ நொடி. எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் வேகமும் கார்டு வாசிக்கும் வேகமும் துளி வேறுபட்டாலும் இடைத்தாங்கல் நினைவகம் மெல்ல நிரம்பும், அல்லது காலியாகும். அப்போது கார்டு ஒரு முழு ஃபிரேமைத் தள்ளிவிடும், இல்லையென்றால் ஒன்றை இரண்டு முறை வாசிக்கும். அதுதான் ஸ்லிப். பேச்சில் அது ஒரு 'டிக்'. ஃபேக்ஸ் மோடத்துக்கோ அலையின் கட்டமே திடீரென்று தாவியது போல. வேகத்தைக் குறைத்தாலும் தாவல் தாவல்தான். பக்கம் நீளும் நேரத்தில் இன்னும் அதிக ஸ்லிப் விழும்.

மணிக்கு 144 என்றால் 25 நொடிக்கு ஒன்று. 125-ஐ அந்த இடைவெளியால் வகுத்தால் 5. பத்து லட்சத்தில் 5 பங்கு வேறுபாடு. இ1-க்கு 50 பங்கு வரை அனுமதி உண்டு, ஆக பி.பி.எக்ஸ் பழுதில்லை.

ஸ்பான் 1-க்கு 1, ஸ்பான் 2-க்கு 0 போடுங்கள். டாடியை (DAHDI, ஆஸ்டரிஸ்க்கின் கார்டு டிரைவர்) மறுதொடக்கம் செய்யும்போது நடப்பிலுள்ள அழைப்புகள் அறுபடும். ஷிஃப்ட் முடிந்த பிறகு செய்யுங்கள்.

நெசவுத்தறி:
மாற்றிவிட்டேன். போர்ட் 1-இல் ஸ்லிப் 0. இப்போது போர்ட் 2-இல் அதே வேகத்தில் ஏறுகிறது! ஸ்பான் 2-க்கு 2 என்று போட்டுப் பார்க்கலாமா?

கோபுரத்தடி:
2 வேண்டாம். அது மாற்று மூலம். வெளி லைன் விழுந்தால் சர்வர் பி.பி.எக்ஸைப் பார்க்கும். பி.பி.எக்ஸ் சர்வரைப் பார்ப்பதாக அமைந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று துரத்தி, வேகம் எங்கேயோ போய் நிற்கும். 0-ஆகவே இருக்கட்டும்.

இடம் மாறியதற்குக் காரணம், பி.பி.எக்ஸ் இன்னும் தன் சொந்த க்ளாக்கில் ஓடுகிறது. அதன் புரோகிராமிங்கில் க்ளாக் அல்லது சிங்க் என்ற பகுதியில் இன்டர்னல் என்றிருப்பதை, இ1 கார்டு இருக்கும் ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். சில மாடல்களில் இதற்கு மாஸ்டர், ஸ்லேவ் என்று பெயர், உங்களுக்கு ஸ்லேவ்.

ஒரு குழப்பம் இங்கே வழக்கமாக வரும். போர்ட் 2-இல் சிக்னலிங் 'நெட்' (நெட்வொர்க்) பக்கம் சர்வர், 'சி.பி.இ.' (வாடிக்கையாளர் கருவி) பக்கம் பி.பி.எக்ஸ். அது 16-ஆவது டைம்ஸ்லாட்டில் ஓடும் டி சேனலுக்கான (அழைப்பை அமைக்கும் செய்திகள் போகும் சேனல்) உடன்பாடு. க்ளாக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இரண்டையும் தனித்தனியே அமைக்க வேண்டும். 'சி.பி.இ. போட்டுவிட்டேன், தானாக ஸ்லேவ் ஆகிவிடும்' என்று நம்புவதில்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள்.

நெசவுத்தறி:
இன்டர்னலை மாற்றி பி.பி.எக்ஸை ரீசெட் செய்தேன். 4 மணி நேரம் ஆகிறது, இரண்டு போர்ட்டிலும் ஸ்லிப் 0. 14400-இல் 12 பக்க ஃபேக்ஸ் முழுதாகப் போனது. இருவருக்கும் மிக்க நன்றி.

செம்புக்கம்பி:
மகிழ்ச்சி. பி.பி.எக்ஸ் அமைப்பை பேக்கப் எடுத்துவிடுங்கள். உள் பேட்டரி தீர்ந்த பழைய மாடல்கள் மின்வெட்டுக்குப் பிறகு இன்டர்னலுக்கே திரும்பிவிடும்.