ஜி.ஐ. ஜோ: பொம்மை முதலில் பிறந்ததா, கதை முதலில் பிறந்ததா?

கேள்வி: பாம்பன் மரப்பட்டறை

அனைவருக்கும் வணக்கம். பாம்பனில் சிறிய மரப்பட்டறை வைத்து, இராமேசுவரம் வரும் யாத்திரிகர்களுக்காக வல்லம், கலங்கரை விளக்கம் போன்றவற்றைச் சிறு அளவில் செய்து விற்று வருகிறேன். இவ்வாண்டு முதல் கடற்பாசி எடுக்கும் பெண், சங்கு குளிக்கும் ஆள் என்று நம் கரை மனிதர்களையும் கைகால் மடங்கும்படி செய்ய எண்ணி, முதலில் பாசி எடுக்கும் பெண்ணைச் செய்து முடித்தேன். அதைக் கையில் வாங்கிப் பார்த்த என் மகள், "அப்பா, இவங்க யாரு?" என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சிறுவயதில் என்னிடம் இருந்த ஜி.ஐ. ஜோ என்னும் அமெரிக்கப் பொம்மை வீரர்கள் ஒவ்வொருவரையும் நான் பெயர் சொல்லித்தான் எடுத்து விளையாடுவேன். அந்தப் பெயரும் குணமும் அவர்களுக்கு எப்படி வந்தன? பொம்மையைச் செய்துவிட்டுக் கதை எழுதினார்களா, கதைக்காகப் பொம்மை செய்தார்களா?

பதில்: தேவிபட்டினம் ஆசிரியர்

ஐயா, ஜி.ஐ. ஜோவுக்கு இரண்டு பிறப்புகள் உண்டு. உங்கள் கேள்விக்கான விடை இரண்டாவது பிறப்பில்தான் இருக்கிறது.

முதலாவது 1964இல் நிகழ்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ஸ்டான் வெஸ்டன் என்னும் உரிம முகவர், சிறுவர்களுக்கான போர்வீரர் பொம்மை என்ற எண்ணத்தை ஹாஸ்ப்ரோ என்னும் பொம்மை நிறுவனத்தின் டான் லெவைனிடம் கொண்டு சென்றார். 1959இல் வந்த பார்பி பொம்மையை வாங்கியவர்கள் அதற்கான உடைகளையும் தொடர்ந்து வாங்கியதைப் போல, வீரனுக்கும் சீருடை, ஆயுதம் என்று விற்கலாம் என்பதே கணக்கு. மரவேலை செய்யும் உங்களுக்கு அடுத்த செய்தி பிடிக்கும்: ஓவியர்கள் வரைந்து பழகுவதற்கு வைத்திருக்கும் மூட்டுள்ள மரப்பொம்மையைக் கடை ஒன்றில் பார்த்த பிறகுதான், உடல் எப்படி மடங்க வேண்டும் என்பது லெவைனுக்குத் தெளிவானது. ஏறத்தாழ ஓரடி உயரத்தில், 21 அசையும் பாகங்களுடன் அது வெளிவந்தது. 'பொம்மை' என்றால் பையன்கள் தொடமாட்டார்கள் என்று அஞ்சி, 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற சொல்லையே புதிதாகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தனர். போலிகளைக் கண்டுபிடிப்பதற்காகக் கன்னத்தில் ஒரு தழும்பு வைத்தார்கள். கட்டைவிரலின் உட்புறத்தில் தவறிப்போய் அமைந்த நகமும் அதே வேலைக்கு உதவியது. ஆனால் அந்த வீரனுக்கென்று தனிக் கதை கிடையாது. தரைப்படை வீரன், கப்பற்படை வீரன், விமானி, மரைன் என்ற நான்கு பிரிவுகளோடு சரி; மீதியை விளையாடும் பிள்ளையே கற்பித்துக்கொள்ள வேண்டும். வியட்நாம் போரின் மீது வெறுப்பு வளர்ந்தபோது, 1970இல் அவனைச் சாகசக் குழுவினனாக மாற்றிப் பார்த்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அவன் கடைகளிலிருந்து மறைந்துவிட்டான்.

1982இல் மூன்றே முக்கால் அங்குல உயரத்தில் மீண்டும் வந்தபோது, ஹாஸ்ப்ரோ மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்துடன் கைகோத்தது. எதிரி இல்லாமல் கதை நகராது என்பதால், கோப்ரா என்னும் எதிரிப் படையை மார்வெலின் ஆர்ச்சி குட்வின் முன்மொழிந்தார். எழுதும் பொறுப்பு லாரி ஹாமாவிடம் வந்தது. அவர் வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றியவர்; மார்வெலுக்காக ஏற்கெனவே எண்ணி வைத்திருந்த சிறப்புப் படைக் குழுக் கதையொன்றை இதற்குள் கொண்டுவந்தார். பாத்திரங்கள் தமக்கே குழம்பிவிடாதிருக்க ஒவ்வொருவருக்கும் அவர் எழுதி வைத்த குறிப்புகளே, பெட்டியின் பின்புறத்திலிருந்து வெட்டி எடுக்கும் விவர அட்டைகளாயின. இயற்பெயர், பிறந்த ஊர், கைவந்த தொழில், குணம் பற்றி நாலைந்து வரிகள், அவ்வளவுதான். கடலுக்குள் மூழ்கிப் போரிடும் டார்பிடோ ஹவாய்க்காரன் என்று அட்டையில் படித்த பிள்ளைக்கு, அவன் எந்தக் கடலில் நீந்தப் பழகினான் என்பதும் தெரிந்துவிடுகிறது.

பதில்: கீழக்கரை வாசகர்

ஆசிரியர் ஸ்னேக் ஐஸ் என்னும் வீரனைக் குறிப்பிடாமல் விட்டது எனக்குப் பெரிய குறை. வண்ணம் பூசும் செலவை மிச்சப்படுத்துவதற்காகவே முதல் வரிசையில் ஒருவனை முழுக் கறுப்பாக விட்டார்கள். முகமே தெரியாத அவனுக்கு, விபத்தில் முகமும் குரலும் சிதைந்த கதையை ஹாமா கொடுத்தார். 1984இல் வந்த ஜி.ஐ. ஜோ காமிக்ஸின் 21ஆம் இதழில் ஒரு சொல்கூட இல்லை. படங்களே முழுக் கதையையும் சொல்லும். பேசாத அந்த ஆள்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் பிரியமானவன்.

வாப்பா சபரிலிருந்து (வெளிநாட்டிலிருந்து) வாங்கி வந்த வீரனுக்கும், மதுரையில் வாங்கிய, ஃபன்ஸ்கூல் என்னும் இந்திய நிறுவனம் செய்த வீரனுக்கும் உடை நிறம் வேறாக இருந்தது. அட்டையில் ஒரே பெயர் இருந்ததால்தான் இருவரும் ஒருவரே என்று ஒப்புக்கொண்டேன். ஆகவே சகோதரரே, அட்டையை எழுதுங்கள். ஆனால் உங்கள் ஊரில் உள்ள யாரையும் அடையாளம் காட்டுவதாக அது இருக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மகளும் நானும் உட்கார்ந்து கற்பனையாக எழுதியது இது:

"முத்துமாரி. ஊர் சின்னப்பாலம். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கிப் பாசி எடுப்பார். நீரோட்டம் மாறுவதை மற்றவர்களுக்கு முன்பே அறிந்து எல்லோரையும் கரையேறச் சொல்வார். தான் கடைசியாக ஏறுவார்."

விரலில் துணி என்று எழுதிய பிறகுதான், நான் செதுக்கிய கையில் அந்தத் துணிச்சுற்று இல்லை என்பதைக் கவனித்தேன். இரண்டு கைகளையும் கழற்றிவிட்டேன். புதிதாகச் செய்து முடித்ததும் படம் இடுகிறேன்.