சௌண்ட்கார்டன் கேட்கத் தொடங்க ‘ஏ-சைட்ஸ்’ சரியா?

மாலைநேரம்:
அமெரிக்க ராக் குழு சௌண்ட்கார்டனின் பாட்டுகளில் எனக்குத் தெரிந்தது பிளாக் ஹோல் சன் ஒன்றுதான். ஒரு மாதமாக விடாமல் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், இனி முழுசாக இறங்கிவிடலாம் என்று ஆசை. 1997-இல் வந்த ஏ-சைட்ஸ் தொகுப்பில் 17 பாட்டு இருக்கிறது. அதை வாங்கலாமா, இல்லை அந்தப் பாட்டு இருக்கிற சூப்பர்அன்னோன் ஆல்பத்துக்கே நேராகப் போய்விடலாமா? ஹிட் பாட்டுகளை அள்ளிப்போட்ட டிஸ்க் என்றால் வேண்டாம்.

பழையகேசட்:
தயங்காமல் வாங்குங்கள். அள்ளிப்போட்டதில்லை, வருட வரிசையில் அடுக்கியது, அதுதான் அதன் அருமையே. முதல் பாட்டு 1987-இல் சப் பாப் என்ற இசை நிறுவனம் வெளியிட்ட ஸ்க்ரீமிங் லைஃப் என்ற சின்ன ரெக்கார்டில் வந்தது, ஜாக் எண்டினோ பதிவு செய்தது, முழங்கால் சேற்றில் நடக்கிற மாதிரி அவ்வளவு நிதானம், அவ்வளவு கனம். அங்கிருந்து 1991-க்கு வரும்போது பாடகர் கிறிஸ் கார்னெலின் குரல் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போகிறது. நீங்கள் கேட்கிற பிளாக் ஹோல் சன் பதினோராவதாக வரும். தனியாகக் கேட்டால் அது கொஞ்சம் தாலாட்டு மாதிரிதான் இருக்கும், பத்துப் பாட்டைத் தாண்டி வந்து கேட்டுப் பாருங்கள், அந்த அமைதிக்குள் எவ்வளவு இரைச்சலை அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று புரியும். 1997 ஏப்ரலில் குழு பிரிந்தது, நவம்பரில் இந்தத் தொகுப்பு வந்தது. அப்போது வாங்கியவர்களுக்கு இது முற்றுப்புள்ளி, 2010-இல் மறுபடி சேருவார்கள் என்று யார் கண்டது.

ஏழடி:
நான் மிருதங்கம் படித்தவன். ஸ்பூன்மேன் பாட்டின் முக்கியமான கிட்டார் ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வருகிற அந்தச் சின்னத் துணுக்கை, தொடையில் தட்டி எண்ணுங்கள், ஏழு வரும். மிஸ்ர சாபு பழகிய காதுக்கு அந்த ஏழு உடனே பிடிபடும், ஆனால் டிரம்ஸில் மேட் கேமரன் வாசிக்கையில் எங்கேயும் கணக்குப் போடுகிற மாதிரியே தெரியாது, தலை தானாக ஆடும். நடுவில் கரண்டிகளைத் தட்டுகிறவர் சியாட்டில் தெருக்களில் வாசித்த ஆர்ட்டிஸ் என்கிற நிஜ ஸ்பூன்மேன். அப்புறம் ஃபெல் ஆன் பிளாக் டேஸ், அது ஆறு. இவையெல்லாம் ஹிட் ஆன பாட்டுகள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

இருட்டறை:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏ-சைட் என்றால் சிங்கிளின், அதாவது ஒரு பாட்டுக்காகத் தனியாக வெளியிடுகிற ரெக்கார்டின், முதல் பக்கம், அதனால் அப்படித் தனியாக வெளியிட்ட பாட்டுகள்தான் பெரும்பாலும் இதில் இருக்கும். சூப்பர்அன்னோனில் இருந்து நான்கு எடுத்திருக்கிறார்கள், ஃபோர்த் ஆஃப் ஜூலை இல்லை! கிம் தாயில் (சியாட்டிலில் பிறந்தவர், பெற்றோர் கேரளத்துக்காரர்கள்) கிட்டாரில் என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டுமானால் அந்தப் பாட்டைக் கேட்டே ஆக வேண்டும், கம்பிகள் பூமிக்கு அடியிலிருந்து உறுமுகிற மாதிரி இருக்கும். 1994-இல் அமெரிக்கப் பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்த ஆல்பம் அது, ஒரே மூச்சில் எழுபது நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். தொகுப்பை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மாலைநேரம்:
இரண்டுமே வாங்கிவிட்டேன், தொகுப்பை முதலில் போட்டேன். ரஸ்டி கேஜ் வந்ததும் தூக்கிவாரிப் போட்டது. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் ஜானி கேஷ் அதைப் பாடிக் கேட்டிருக்கிறேன், இவர்களுடைய பாட்டு என்று இன்றைக்குத்தான் தெரியும். கடைசியில் வேகம் இறங்கிக் கனமாகிற அந்த இடத்தை நாலு தடவை திரும்பக் கேட்டேன். பிளாக் ஹோல் சன்னுக்கு இன்னும் இரண்டு பாட்டு இருக்கிறது, தாண்டிப் போகாமல் கேட்கிறேன்.