கான்ட்ராஸ்ட் ஊசி ஒத்துக்கொள்ளாத அப்பாவுக்கு ஆஞ்சியோகிராம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு ஆஞ்சியோகிராம் (கான்ட்ராஸ்ட் செலுத்தி இதய ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சோதனை) செய்யச் சொல்லியிருக்கிறார்கள். முன்பு சிடி ஸ்கேனில் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் ஊசி (படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) போட்டபோது உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறிவிட்டது. எந்த மருந்து என்று ரிப்போர்ட்டில் இல்லை. அயோஹெக்சாலா, அயோடிக்சனாலா என்று தெரிந்தால் இந்த முறை வேறொன்றுக்கு மாற்றச் சொல்லலாம். பழைய ஸ்கேன் சென்டரில் அந்த விவரத்தை யாராவது கேட்டு வாங்கியிருக்கிறீர்களா?

ஒவ்வாமை வராமல் தடுக்க, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை 50 மி.கி. வீதம் சோதனைக்கு 13, 7, 1 மணி நேரம் முன்பும், கூடவே அலர்ஜி மருந்தும் கொடுக்கும் முறை இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால் பயமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் சர்க்கரை எவ்வளவு ஏறியது, எப்படிச் சமாளித்தீர்கள்?

அப்புறம், அவர் மெட்டோபுரோலால் (பீட்டா பிளாக்கர் வகை இதய மருந்து) சாப்பிடுகிறார். அதனால், கடும் ஒவ்வாமை வந்தால் அவசரத்துக்குப் போடும் அட்ரினலின் ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். நாமாக அதை நிறுத்தக் கூடாது என்று தெரியும்; இதற்கு உங்கள் டாக்டர் என்ன முன்னேற்பாடு செய்தார்?

இறால், நண்டு அலர்ஜியோடு இதை முடிச்சுப் போடாதீர்கள். அந்த அலர்ஜி அவற்றின் புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல. இதய டாக்டரிடம் வேறு என்னென்ன கேட்க வேண்டும் என்று தோன்றினாலும் எழுதுங்கள்.