ஏலகிரி ஏற்றத்தில் இடது வளைவில் மட்டும் முன்சக்கரம் வழுக்கிச் சுற்றுகிறது: வண்டியில் கோளாறா, என் ஓட்டுதலா?

காட்பாடி டர்போ:

வணக்கம் நண்பர்களே. ஆறு மாதத்துக்கு முன் ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஆறு கியர் மேனுவல், ஃபிரன்ட் வீல் டிரைவ் (முன்சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கும்), 46,000 கி.மீ. ஓடிய வண்டி. பெங்களூர் நெடுஞ்சாலையில் ஆம்பூர், வாணியம்பாடி வரை பல முறை போயிருக்கிறேன், குறையே சொல்ல முடியாது.

போன ஞாயிறு முதல் முறையாக ஏலகிரி ஏறினேன். நான், மனைவி, அம்மா, ஆறு வயது மகன், டிக்கி நிறைய சாமான். பொன்னேரியில் திரும்பி ஏறத் தொடங்கியதும் பிரச்சினையும் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் திருப்பும்போது வண்டி திணறியது. மிதித்தேன், ஒன்றும் இல்லை. இன்னும் மிதித்தேன், திடீரென்று முன்சக்கரம் கிறீச்சென்று சுற்றி, மீட்டரில் அந்த மஞ்சள் வழுக்கல் விளக்கு மினுக்கியது. ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுத்தது. வண்டி நான் திருப்பிய பக்கம் வராமல் நேராக, எதிர்ப்பக்க ரோட்டுக்குப் போனது. நல்லவேளை, எதிரே பஸ் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் இது இடது பக்க வளைவுகளில்தான் நடந்தது. வலது வளைவுகளில் ஒரு தொல்லையும் இல்லை.

இறங்கும்போது வேறு பயம். பாதிக்கு மேல் வந்ததும் பிரேக்கில் தீய்ந்த வாடை. கடைசி சில வளைவுகளில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கீழே வந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து முன்சக்கரத்தில் ஊற்றினேன், புகை வந்தது. அம்மா மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் எலுமிச்சம்பழத்தை மூக்கிலேயே வைத்திருந்தார், எனக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

எஞ்சின் விசையை இரண்டு முன்சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் போய்விட்டதா? வண்டியை விற்றுவிடலாமா என்றுகூட ஓடுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி ரைடர்:

அந்த விளக்குக்கு ஒரு பட்டன் இருக்கும், அமுக்கி ஆஃப் பண்ணிவிட்டு ஏறுங்கள். பவரை அதுதான் வெட்டுகிறது. ஆஃப் பண்ணினால் வண்டி இழுக்கும்.

பட்டறை அண்ணன், வேலூர்:

தம்பி, மேலே சொன்னதைச் செய்யாதீங்க. சேற்றில் மாட்டினால் அதை ஆஃப் பண்ணலாம். குடும்பத்தோடு மலை ஏறும்போது வேண்டாம். சக்கரம் வழுக்குவதால்தான் அது பவரை வெட்டுகிறது. அதை அணைத்தால் வழுக்கல் கூடும், டயர் தேயும், வண்டி இன்னும் வெளியே போகும்.

டிஃபரன்ஷியல் போயிருக்காது. போயிருந்தால் சமதளத்திலேயே சத்தம் கேட்கும். இடது வளைவில் மட்டும் என்று சொன்னீர்கள் பாருங்கள், அதிலேயே பதில் இருக்கிறது. நாம் ரோட்டின் இடது பக்கம் போகிறவர்கள். வலது கொண்டை ஊசியில் நமக்குக் கிடைப்பது வெளிவட்டம், அகலமாக, சாய்வு குறைவாக இருக்கும். இடது கொண்டை ஊசியில் உள்வட்டத்தை ஒட்டிப் போக வேண்டும். ஏற வேண்டிய உயரம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், உள்வட்டத்தில் தூரம் குறைவு, அதனால் அங்கே ஏற்றம் செங்குத்தாகிவிடும். கால்நடையாக ஒருமுறை அந்த உள்மூலையில் ஏறிப் பாருங்கள், முழங்கால் சொல்லும்.

ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்னால் போகும். உங்களுக்குப் பின் சீட்டிலும் டிக்கியிலும் பாரம் வேறு. திருப்பும்போது மிச்சப் பாரமும் வெளிப்பக்கச் சக்கரத்துக்குச் சாயும். ஆக, உள்பக்க முன்சக்கரம், அதாவது இடது முன்சக்கரம், ரோட்டை லேசாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசைதான் தரும். இடது சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுதான் வலதுக்கும். இடது சுற்றத் தொடங்கினால், நல்ல பிடியோடு நிற்கும் வலது சக்கரமும் சும்மா நிற்கும். அப்புறம் முன்சக்கரம்தான் இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். பிடிமானம் முழுவதையும் இழுக்கவே செலவழித்தால் திருப்புவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. நேராகப் போனது அதனால்தான்.

இரண்டு கேள்வி. டயரில் காற்று எவ்வளவு? டயர் எந்த வருஷம்? பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம்.

காட்பாடி டர்போ:

அண்ணா, மிக்க நன்றி. இதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இப்போது கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நான்கு டயரிலும் 1819 என்று இருக்கிறது. முன் டயர் இரண்டும் உள்ஓரத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, விரலை வைத்தால் வரியே தட்டவில்லை. காற்று, பெட்ரோல் பங்கில் “லாங் போறீங்களா” என்று கேட்டு நான்கிலும் 38 வைத்தார்கள். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் 33 என்று இருக்கிறது.

பட்டறை அண்ணன், வேலூர்:

1819 என்றால் 2019-ஆம் வருஷம் 18-ஆவது வாரம். ரப்பர் இறுகியிருக்கும். முன்னால் 38 என்பது அதிகம், டயரின் நடுப்பகுதி மட்டும்தான் தரையைத் தொடும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது ஸ்டிக்கர் அளவை வையுங்கள். முழுப் பாரத்துக்குப் பின் டயருக்குத் தனி அளவு அதே ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள். உள்ஓரத் தேய்மானம் அலைன்மென்ட் கோளாறு, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம் சரியில்லை. அதைச் சரி பண்ணாமல் புது டயர் போட்டால் அந்தக் காசும் வீண்.

மலைப்பாதை ஆசிரியர்:

டயர் பற்றி ஒரு வார்த்தை. செலவைப் பார்த்து முன்னால் மட்டும் இரண்டு புதிது போடலாம் என்று தோன்றும். வேண்டாம். பின்னால் இறுகிய பழைய டயரும் முன்னால் புதியதும் இருந்தால், இறக்கத்தில் வளைவுக்கு நடுவில் பயந்து சட்டென்று காலை எடுக்கும்போது பாரம் முழுக்க முன்னால் பாய்ந்து பின்பக்கம் விலகும். ஃபிரன்ட் வீல் டிரைவ் வண்டி நேராகத்தான் போகும், பின்னால் வீசாது என்று நினைப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். உங்கள் நான்கும் ஒரே வயது, நான்கையும் மாற்றுங்கள்.

இனி ஓட்டும் முறை. நீங்கள் இரண்டாவது கியரில் நுழைந்து எஞ்சின் நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்கு விழுந்திருக்கும். அங்கே, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ தூங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் மிதிக்கிறீர்கள், பதில் இல்லை, இன்னும் மிதிக்கிறீர்கள். 2,000-ஐத் தொடும்போது அத்தனை மிதிக்கும் சேர்த்து விசை ஒரே நேரத்தில் வந்து இறங்குகிறது, அதுவும் ஸ்டீயரிங் முழுக்கத் திரும்பியிருக்கும்போது. இடது வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து முதல் கியருக்கு வந்துவிடுங்கள். பிறகு சீராக, லேசான மிதியில் சுற்றுங்கள். முதல் கியரில் இழுவை அதிகம்தான், ஆனால் எஞ்சின் விழித்திருக்கும், கால் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு மட்டும் தரும். ஸ்டீயரிங் நேராகத் திரும்பத் திரும்ப, அதே அளவில் காலை அழுத்துங்கள். ஸ்போர்ட்டி வண்டியின் சந்தோஷம் எல்லாம் வளைவை விட்டு வெளியே வரும் அந்த நேரான துண்டில் இருக்கிறது. நுழையும்போது அவசரப்பட்டால் அது கிடைக்காது.

வளைவை அகலமாக எடுக்க எதிர்ப்பக்கம் போகாதீர்கள். ஏலகிரியில் பஸ் இறங்கினால் அதற்கு ரோடு முழுதும் வேண்டும். ஹாரன் அடித்து, மேலே பார்த்து, பஸ் தெரிந்தால் வளைவுக்குக் கீழேயே நின்றுவிடுங்கள். ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது விதி. ஆனால் கொண்டை ஊசிக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்ட பிறகு விதி பேசிப் பயனில்லை.

பட்டறை அண்ணன், வேலூர்:

பிரேக் விஷயத்தை விட்டுவிட்டோம். தம்பி, சூடான டிஸ்கில் இனி எந்தக் காலத்திலும் தண்ணீர் ஊற்றாதீங்க. டிஸ்க் கோணிக்கொள்ளும், அப்புறம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் உதறும். வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து அரை மணி நேரம் ஆற விடுங்கள்.

பெடல் பஞ்சானது பிரேக் ஆயில் கொதித்ததால். ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும் என்பது தரம், ஈரம் ஏறியதற்கு அதே கணக்கு 155 டிகிரிதான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, பழைய ஓனர் மாற்றினாரா என்பது யாருக்குத் தெரியும்? மாற்றிவிடுங்கள். டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடும் வழவழப்பாகியிருக்கும், கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த கியரில் இறங்கினீர்கள்?

காட்பாடி டர்போ:

மூன்று, சில இடத்தில் நான்கு. பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று நினைத்தேன்.

பட்டறை அண்ணன், வேலூர்:

வண்டி கியரில் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோலே போகாது, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் தானாக மூடிக்கொள்ளும். இரண்டாவது கியரில் 3,500 சுற்று ஓடினாலும் செலவு இல்லை, எஞ்சினுக்குச் சேதமும் இல்லை. சின்ன எஞ்சின் என்பதால் மூன்றாவதில் அது வண்டியைப் பிடித்து நிறுத்தாது. ஏலகிரி முழுக்க இரண்டாவதிலேயே இறங்குங்கள், செங்குத்தான மூலைகளில் முதல் கியர். பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே வராதீங்க. நேரான துண்டில் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுவதும் விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் டிஸ்க் ஆறும்.

மலைப்பாதை ஆசிரியர்:

மறுபடி ஏலகிரிக்கு முன், பாரம் இல்லாமல் தனியாக ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் வரை ஒருமுறை போய் வாருங்கள். ஜவ்வாது மலைப் பாதையில் பழகினால் கை பதறாது. பகலில் போங்கள்.

காட்பாடி டர்போ (ஐந்து வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்ல வந்தேன். நான்கு டயர், அலைன்மென்ட், பிரேக் ஆயில், முன் பேடு எல்லாம் மாற்றினேன். ஆயில் தேநீர் நிறத்தில் வெளியே வந்தது. காவலூர்ப் பாதையில் தனியாக இரண்டு முறை போய்ப் பழகினேன்.

நேற்று அதே நான்கு பேர், அதே சாமானோடு ஏலகிரி. வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், மகன் ஒவ்வொரு பலகையாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தான். போன முறை எனக்கு ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. பதினான்கு வளைவில் மஞ்சள் விளக்கு ஒரே இடத்தில் மினுக்கியது, அங்கே உள்மூலையில் ஜல்லி சிதறிக் கிடந்தது. காலைக் கொஞ்சம் தளர்த்தியதும் அணைந்துவிட்டது.

இறங்கும்போது இரண்டாவது கியரைவிட்டு மேலே போகவே இல்லை. பொன்னேரியில் நிறுத்தி சக்கரத்தருகே குனிந்து பார்த்தேன். அனல் அடித்தது, ஆனால் வாடை இல்லை. அம்மாவின் எலுமிச்சம்பழம் கைப்பையிலேயே இருந்தது.